அடைக்கலம் கேட்பது உரிமை; ஏஜெண்டிடம் கதை வாங்காதீர்கள்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இலங்கையிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நம் மாநிலத்து முகாம்களில் வாழ்கிறார்கள். நம்மோடு பெயிண்டு அடிக்கிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். இவர்களைத் தேடி ஏஜெண்டு வருகிறான். "கனடாவில் கொண்டுபோய் விடுகிறேன். அங்கே அதிகாரியிடம் சொல்ல வேண்டிய கதையையும் நானே எழுதித் தருகிறேன்" என்கிறான். நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் அவன் கையில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஆகவே, கனடாவில் அகதிப் பாதுகாப்பு மனு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். விவரம் தெரிந்தவனிடம் ஏஜெண்டின் சரக்கு விலைபோகாது.

முதலில், அகதி என்பவர் யார்? 1951-ல் ஜெனீவாவில் நிறைவேறிய சர்வதேச ஒப்பந்தம் இதற்குப் பதில் சொல்கிறது. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து: இந்த ஐந்தில் ஒன்றின் காரணமாகக் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும். சொந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சொந்த சர்க்காரின் பாதுகாப்பைப் பெற முடியாதவராகவோ, பயத்தால் அதை நாட முடியாதவராகவோ இருக்க வேண்டும். 1951 ஜனவரி 1-க்கு முந்திய சம்பவங்களுக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த வரம்பை 1967-ம் வருஷத்து உடன்படிக்கை நீக்கியது. கனடா 1969-ல் இதில் சேர்ந்தது. இந்தியா இதுவரை சேரவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வறுமை இந்த ஐந்தில் இல்லை. கூலி போதவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்பதெல்லாம் உண்மையான துன்பம்தான். ஆனால் இந்தச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. சங்கம் வைத்ததற்காக ஒருவரைக் கொல்லத் தேடுகிறார்கள், சர்க்கார் அவரைக் காப்பாற்றவில்லை என்றால், அது அரசியல் கருத்து என்ற காரணத்தில் அடங்கக்கூடும். இந்த ஐந்தில் சேராவிட்டாலும், திரும்பிப் போனால் சித்திரவதை நேரும், உயிருக்கே தனிப்பட்ட ஆபத்து உண்டு என்று காட்டினால் கனடாச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது.

இனி வழிமுறையைப் பார்ப்போம்.

விமான நிலையத்திலோ எல்லையிலோ இறங்கியதும் அங்குள்ள அதிகாரியிடம் "பாதுகாப்புக் கேட்கிறேன்" என்று சொல்லலாம். உள்ளே நுழைந்த பிறகும் மனுச் செய்யலாம். ஆனால் தாமதிக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து வந்தவர் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தார் என்ற கேள்வி வரும். சட்டமும் அடிக்கடி மாறுகிறது. தாமதித்தவர்களுக்குக் கதவு குறுகிக்கொண்டே வருகிறது. மனுவுக்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது.

அமெரிக்கா வழியாகத் தரைமார்க்கமாகப் போகிறவர்களுக்கு ஒரு தடை உண்டு. முதலில் கால்வைத்த நாட்டிலேயே மனுச் செய் என்று திருப்பி அனுப்புவதற்கு இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் 2004 டிசம்பரில் அமலுக்கு வந்தது. 2023 மார்ச்சில் அது எல்லை முழுவதற்கும் விரிந்தது. நெருங்கிய உறவினர் கனடாவில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஏஜெண்டு இதைச் சொல்ல மாட்டான்.

அடுத்தது படிவம். இதுதான் மனுவின் முதுகெலும்பு. உங்களுக்கு என்ன நேர்ந்தது? யார் செய்தது? எந்தத் தேதி? போலீசில் புகார் செய்தீர்களா? இல்லையென்றால் ஏன்? நாட்டின் வேறு பகுதிக்குப் போய் ஏன் இருக்கவில்லை? யாழ்ப்பாணத்துத் தமிழரிடம், "கொழும்பில் போய் வாழலாமே" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் உங்கள் சொந்த வாழ்க்கையில்தான் இருக்கிறது. ஏஜெண்டு எழுதிய காகிதத்தில் இராது.

மூன்றாவது, அத்தாட்சி. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கைது பற்றிய தஸ்தாவேஜு, பார்த்தவர்களின் கடிதம் இவற்றையெல்லாம் சேர்க்க வேண்டும். தமிழில் உள்ளதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, விசாரணைக்கு 10 நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். காகிதம் கிடைக்காவிட்டால் ஏன் கிடைக்கவில்லை, பெறுவதற்கு என்ன முயற்சி செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

நான்காவது, நேர்முக விசாரணை. இந்த உரிமை வழக்காடிப் பெற்றதாகும். முன்பெல்லாம் ஒரு அதிகாரி வாக்குமூலம் எழுதி அனுப்புவார். ஒட்டாவாவில் இருந்த கமிட்டி ஆளின் முகத்தையே பார்க்காமல், காகிதத்தைப் பார்த்து யோசனை சொல்லும். மந்திரி அதன்மேல் தீர்ப்புச் சொல்வார். மனு மறுக்கப்பட்ட ஏழு பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சீக்கியர்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று 1985 ஏப்ரல் 4-ல் கனடா சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதன் பலனாகத்தான் 1989-ல் தனி அகதி வாரியம் பிறந்தது. அந்த வாரியத்தின் முன் இன்று நீங்கள் வாய்திறந்து பேசலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை வாரியமே தன் செலவில் அமர்த்தும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம்; வசதியில்லாதவருக்குச் சில மாகாணங்களில் இலவச சட்ட உதவி உண்டு. விசாரணை பகிரங்கமாக நடக்காது. நீங்கள் சொன்னதை உங்கள் நாட்டு சர்க்காருக்கு அனுப்பவும் மாட்டார்கள்.

இங்கேதான் ஏஜெண்டின் கதை மூழ்கிப்போகிறது. எல்லையில் சொன்னது, படிவத்தில் எழுதியது, விசாரணையில் பேசுவது இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கைரேகை விவரங்களை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளோடு ஒத்துப்பார்க்கிறார்கள். ஒரு பொய் பிடிபட்டால், பக்கத்திலிருக்கும் பத்து உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து நேராக வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது சில நாளில் வெளிவந்தது. அவர்கள் ஓடிவந்த ஆபத்து உண்மை. 1983-ன் நெருப்பு உண்மை. ஆனால் பத்திரிகைகள் கொலையை விட்டுவிட்டுப் பொய்யைப் பேசின. அனுமதிச் சீட்டுக் கொடுத்து அவர்களை இருக்க விட்டார்கள் என்றாலும், பழி எத்தனையோ பேர் தலையில் விழுந்தது. ஆகவே முகாமில் இத்தனை வருஷம் இருந்தேன் என்பதை மறைக்காதீர்கள். எந்த வழியாக வந்தேன் என்பதையும் மறைக்காதீர்கள். தேதி நினைவில்லையென்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

ஐந்தாவது, மேல்முறையீடு. மனு நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலோருக்கு வாரியத்திலேயே மேல்முறையீட்டுப் பிரிவு உண்டு. அதற்கு மேல் ஃபெடரல் கோர்ட் உண்டு. கெடு நாள்கணக்கில்தான். காகிதம் கைக்கு வந்த அன்றே வக்கீலிடம் ஓட வேண்டும். விலாசம் மாறினால் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். கடிதம் கைக்கு வராமல், விசாரணைக்குப் போகாமல், மனுவைக் கைவிட்டதாகத் தீர்ப்பானால் அது பெரிய நஷ்டம்.

தோழர்களே! 1951 ஒப்பந்தத்தின் 33-வது விதி, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. அடைக்கலம் கேட்பவர் அந்த விதியின்மேல் நின்று கேட்கிறார். அவர் யாருடைய தயவையும் யாசிக்கவில்லை. அவரிடமுள்ள ஒரே மூலதனம், அவர் பட்ட துன்பத்தின் உண்மை. அதை வாங்கிக்கொண்டு பொய்யை விற்கிறவன் அவரை இரண்டாம் முறை அகதியாக்குகிறான்.

உங்கள் பக்கத்து முகாமில், உங்கள் வேலைத்தளத்தில் யாராவது ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டால், சும்மா இருக்காதீர்கள். அவரை உட்காரவைத்து, இன்று கேட்டதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.