நாயின் பாத அரிப்பைத் தணிக்கும் முறைகள்

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



கறவை மாட்டிற்கு மடிநோய் கண்டால் அன்றே மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். ஆட்டுக்குட்டி கழிந்தால் உடனே கவனிக்கிறோம். ஆனால், இரவு முழுதும் ஆட்டுப்பட்டியையும் களத்து மேட்டையும் காக்கின்ற நாய் தன் பாதத்தை ஓயாமல் நக்கிக் கொண்டிருந்தால், "அது அதன் பழக்கம்" என்று விட்டுவிடுகிறோம். அது பழக்கமன்று, அரிப்பு. கவனியாது விட்டால் விரலிடுக்கு புண்ணாகிச் சீழ் பிடிக்கும். நாய் நொண்டும், காவலுக்கு உதவாமற் போகும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அரிப்பைப் போக்குவதாக நினைத்து, கையில் கிடைத்ததைப் பாதத்தில் பூசிவிடுவதே அது. நாயின் பாதத்தில் நாம் எதைப் பூசினாலும் அதை நாய் நக்கி விழுங்கிவிடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேளுங்கள்.

ஒவ்வாமை என்பது என்ன?

நமக்குள் சிலருக்குக் கத்தரிக்காய் உண்டால் உடம்பு தடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கத்தரிக்காய் மற்றவரை ஒன்றும் செய்வதில்லை. அதுபோலவே புல், பூந்தாது, தூசி, தெள்ளுப்பூச்சியின் எச்சில், சிலவகை உணவு ஆகியவை சில நாய்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு அவற்றைப் பகையாகக் கருதி எதிர்க்கும்போது தோல் சிவந்து அரிக்கிறது. பூந்தாது, தூசி முதலியவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் நாய்க்கு 6 மாதம் முதல் 3 வயதுக்குள் தலைகாட்டும்.

நாய் செருப்பின்றி நடப்பது. வரப்புப் புல், களத்துத் தூசி, ஈரமண் எல்லாம் முதலில் படுவது பாதத்தில்தான். விரலிடுக்கில் தோல் மெல்லியது, காற்றோட்டமும் குறைவு. நக்க நக்க அங்கே ஈரம் தங்கும். ஈரத்தில் நுண்ணுயிர்களும் ஈஸ்ட் என்னும் நுண்காளானும் பெருகும். அவற்றால் அரிப்பு மேலும் கூடும். நாய் மேலும் நக்கும். இந்தச் சுழலை அறுப்பதே நம் வேலை.

ஒரு காலா, நான்கு காலா?

முதலில் நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள். ஒரே ஒரு காலை மட்டும் நக்கினால் நெருஞ்சி முள்ளோ, கருவேல முள்ளோ, ஊசிப்புல்லோ ஏறியிருக்கலாம், நகம் பிளந்திருக்கலாம். இரண்டு முன்னங்கால்களையோ நான்கு கால்களையோ நக்கி, காதையும் சொறிந்து, முகத்தைத் தரையில் தேய்த்தால் ஒவ்வாமை என்று ஐயுறலாம். வெள்ளை நாயின் பாத முடி செம்பழுப்பாக மாறியிருந்தால் அது இரத்தமன்று. நெடுநாள் நக்கியதால் ஏறிய எச்சிற்கறை. புளித்த வாடை வீசினால் நுண்காளான் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

உண்ணி, சொறிப்பூச்சி, கொக்கிப்புழு ஆகியவையும் பாதத்தில் அரிப்பை உண்டாக்கும். சொறிப்பூச்சி வீட்டு மனிதருக்கும் தொற்றும். நாய்க்கு அரிப்பிருக்கும்போது குழந்தைகளுக்கும் சிவந்த பொரிகள் கண்டால் இருவருக்கும் மருத்துவம் தேவை.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. வயலிலிருந்து திரும்பியதும் நான்கு பாதங்களையும் குளிர்ந்த நல்ல நீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது, அது அரிப்பைக் கூட்டும். பாதத்தில் ஒட்டிய பூந்தாதும் தூசியும் உரத்துகளும் இதனால் நீங்கும்.

2. தோல் சிவந்திருந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் (சுமார் 9 கிராம்) கரைத்து, அகலத் தட்டில் ஊற்றி, பாதங்களை 5 நிமிடம் நனைய விடுங்கள். அந்த நீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கழுவுவதைவிடத் துடைப்பது முக்கியம். பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் கழுவிய பயனில்லை. விரலிடுக்கில் முடி அடர்ந்திருந்தால் முனை மழுங்கிய கத்தரியால் குறைத்துவிடுங்கள்.

4. வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால், குளோர்ஹெக்சிடின் சேர்ந்த நாய்க் குளியல் திரவத்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நுரையை 10 நிமிடம் ஊறவிட்டு நன்கு அலசுங்கள். துணி சோப்பும், பாத்திரம் துலக்கும் தூளும் தோலை வறட்டும்; அவை வேண்டா.

5. நக்குவதைத் தடுக்க, பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியைத் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்துப்பட்டையோடு கட்டலாம். நாய் உண்ணவும் நீர் பருகவும் இடம் இருக்க வேண்டும். பாதத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்து அழுகும்.

6. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பழைய சாக்கிலும் தவிட்டு மூட்டையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழும். தவிட்டு மூட்டை மேல் நாயைப் படுக்க விடாதீர்கள்.

7. சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கறுப்புத் துகள் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. நாயின் மேல் காண்பது சிறு பகுதிதான். முட்டையும் புழுவும் படுக்கையிலும் தரை வெடிப்பிலும் இருக்கும். ஆகவே நாய்க்கு மருந்து தருவதோடு படுக்குமிடத்தையும் கூட்டித் துப்புரவு செய்தல் வேண்டும்.

8. வீட்டைச் சுற்றியும் வரப்பிலும் பார்த்தீனியச் செடியை வளரவிடாதீர்கள். 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இக்களை, மனிதருக்கும் கால்நடைகளுக்கும் தோல் அழற்சி தரும். பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள்.

உணவும் காரணமாகலாம்

பருவம் மாறினாலும் ஆண்டு முழுதும் அரிப்பு நீங்காவிட்டால் உணவைச் சோதிக்கலாம். நாய்களுக்கு அதிகமாக ஒவ்வாமை தருபவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழியிறைச்சி, கோதுமை ஆகியவை. மருத்துவரைக் கலந்துகொண்டு, 8 வாரம், நாய் இதுவரை உண்ணாத ஒரே வகை இறைச்சியையோ மீனையோ சோற்றோடு கலந்து கொடுங்கள். இந்நாட்களில் மோர்ச்சோறு, ரொட்டித் துண்டு, பிஸ்கட் எதுவும் கூடாது. குழந்தைகள் ஊட்டும் ஒரு வாய் பாற்சோறு முழுச் சோதனையையும் வீணாக்கிவிடும். அரிப்பு தணிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்து, அரிப்பு மீண்டும் வந்தால் காரணம் உறுதியாகும்.

கண்டிப்பாகச் செய்யக்கூடாதவை

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை, எவ்வளவு நீர் கலந்தாலும், நாயின் மேல் தடவாதீர்கள். மண்ணெண்ணெய் தோலை வேக வைக்கும். நக்கினால் நுரையீரலையும் தாக்கும். வண்டியின் கழிவு எண்ணெய், புகையிலைச் சாறு, கற்பூர எண்ணெய் ஆகியவையும் நஞ்சே. நமக்கு அரிப்புக்குப் பூசும் கேலமின் திரவத்தில் துத்தநாகம் உள்ளது. நக்கும் நாய்க்கு அது ஆகாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலக்க வேண்டா. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளையும் நாய்க்குத் தர வேண்டா.

பூச்சிமருந்து பட்ட நாய்க்கு எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வாந்தி, கழிச்சல், மூச்சுத் திணறல் கண்டால், கையுறை அணிந்து சோப்பும் நீரும் கொண்டு உடனே கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவரிடம் விரையுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிவு மருந்து தர இயலும்.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு வாரம் கழுவியும் தணியாவிட்டாலும், சீழோ வீக்கமோ நொண்டலோ கண்டாலும் கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சொறிப்பூச்சியா, நுண்காளானா என்று தெரியும். உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் ஒரு மாதமோ மூன்று மாதமோ பலன் தரும் மாத்திரைகள் இப்போது உள்ளன. அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை விரைவில் குணம் காட்டும். ஆனால் அதை மருத்துவர் சொன்ன அளவில்தான் தர வேண்டும். நெடுநாள் தந்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்குவதும் தவறு.

இன்னொன்று. வலியுள்ள பாதத்தைத் தொட்டால் வளர்த்தவரையே நாய் கடிக்கக்கூடும். ஆகவே வாயைத் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். முன்பு பிற நாய் கடித்த இடத்தையே ஓயாமல் கடித்துக்கொண்டு, குணம் மாறி, உண்ண முடியாமல், எச்சில் வடிக்கும் நாயைத் தொடவே கூடாது, வெறிநோயாக இருக்கலாம். அந்த எச்சில் உங்கள் கைப்புண்ணில் பட்டாலோ, நாய் கடித்தாலோ, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நாய்க்கு 3 மாத வயதில் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் கூறும் காலத்தில் தவறாது தொடருங்கள்.

உழவர் பெருமக்களே, ஒவ்வாமையை அடியோடு ஒழிப்பது கடினம். அடக்கி வைப்பது எளிது. அதற்குத் தேவை ஒரு வாளி நல்ல நீர், ஒரு காய்ந்த துணி, அன்றாடம் ஐந்து நிமிடம். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் நாயின் நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள்.