உன் உயரத்தில் உன் பாட்டி



நம் மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். இதை இரண்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "எங்க அவ்வா அந்தக் குதிரையப் பாத்திருப்பாங்களா?" என்று தன் பாட்டியைப் பற்றிக் கேட்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அறுபது வருஷமும் இருநூறு வருஷமும் ஒன்றுதான். அன்றே பலகையில் இருந்த ஆண்டை அழித்துவிட்டு ஒரே கேள்வி எழுதினேன்: 'உன் உயரத்தில் இருந்தபோது உன் பாட்டி காலையில் எழுந்ததும் என்ன செய்தார்?'

மறுநாள் பாதிப் பிள்ளைகள் ராகிக் கல்லோடு வந்தார்கள், பேச்சில்தான். கோழி கூவுமுன் எழுந்து மாவு அரைத்த கதை. ஒரு பாட்டியையும் அவர் வீட்டுக் கல்லையும் வகுப்புக்கே வரவழைத்தோம். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பிடித்தும் நாலு சுற்றுக்கு மேல் முடியவில்லை. பாக்கெட் மாவையே பார்த்து வளர்ந்தவர்கள், பாட்டியின் உள்ளங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த மாவில் கிண்டுவதைத் தமிழ்ப் பிள்ளை களி என்றான். தெலுங்குப் பிள்ளை சங்கடி என்றாள். கன்னடப் பிள்ளை முத்தே என்றான். மூவருக்கும் ஒரே பசி என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு தாத்தா, சுவர் நிழலைப் பார்த்து மாட்டைத் திருப்பிய கதை சொன்னார். நம் மத்திகிரி அடங்கிய ஒசூருக்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; 1980களில் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் ஆலைகள். நிழலில் மணி பார்த்த ஊர், நாட்டுக்கே கைக்கடிகாரம் செய்தது. இன்று அந்தத் தாத்தாவின் பேத்தி வீட்டில் சாப்பாட்டு நேரத்தை அப்பாவின் ஷிப்ட் முடிவு செய்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாட்டி தாத்தா காலம் பொற்காலம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். கல் கொண்டுவந்த அந்தப் பாட்டி, தம்பியை இடுப்பில் சுமப்பதற்காக மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அதையும் பிள்ளைகள் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பாட்டிமார்களே, தமிழ் சரியாக வராதே என்று தயங்காதீர்கள். உங்கள் கதையை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். பேரப்பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்வான். வேலைக்காக வெளியூரிலிருந்து, வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் தாயார் ஊரில் இருக்கிறார். இன்றிரவு அவரைப் போனில் கூப்பிட்டு, போனைப் பிள்ளை கையில் கொடுங்கள்.