ஈக்கும் நமக்கும் ஒரே பிரேக்



"கன்ட்ரோல் பேனல் மாட்டுறவனுக்கு மரபணுல என்னடா வேலை?" என்று பின்வரிசை நண்பர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்குதய்யா!

லிமிட் சுவிட்ச் தட்டினால் ரிலே விழும், ரிலே விழுந்தால் கான்டாக்டர் விழும், மோட்டார் நிற்கும். நம்ம லேபில் எல்லோரும் வயர் பண்ணியதுதான். வாழைப்பழத்தை மொய்க்கிற பழ ஈயின் செல்லுக்குள்ளும் இப்படி ஒரு சர்க்யூட் உண்டு. 'வார்ட்ஸ்' என்ற மரபணுவை 1995-இல் கண்டார்கள். அது கெட்டால் செல்கள் நிற்காமல் பெருகிக் கட்டியாகிவிடும். 2003-இல் அதற்கு மேலே இன்னொன்று கிடைத்தது. அது பழுதான ஈயின் தலை பெருத்து, மடிப்பு மடிப்பாக நீர்யானை மாதிரி இருக்கவே 'ஹிப்போ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (பெயர் வைப்பதில் ஈ ஆராய்ச்சிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.) ஹிப்போ வார்ட்ஸை முடுக்கும். வார்ட்ஸ், 'யார்க்கி' என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அதை உட்கருவுக்குள் போகவிடாமல் நிறுத்தும். யார்க்கி உள்ளே போனால்தான் வளர்ச்சி மரபணுக்கள் 'ஆன்' ஆகும்.

நமக்கும் இதே சர்க்யூட்தான். வார்ட்ஸ் இல்லாமல் சாக வேண்டிய ஈக்குள், மனிதனிடம் உள்ள அதன் ஜோடி மரபணுவைப் போட்டுப் பார்த்தார்கள். 1999-இல் வந்த செய்தி. ஈ பிழைத்துக்கொண்டது! போன மாடல் பம்ப்பின் ஸ்பேர் இந்த மாடலுக்குச் சேராது என்று தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். இங்கே 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்த இரண்டு வம்சங்கள், ஸ்பேர் பொருந்துகிறது. அதைவிட அதிசயம், நன்னீர் நத்தைக்குள் இருந்து எடுத்த கேப்சஸ்போரா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதன் யார்க்கியும் ஈக்குள் வேலை செய்ததை 2012-இல் காட்டினார்கள். விலங்கு என்று ஒன்று தோன்றும் முன்பே பிரேக்குக்கு வேண்டிய பாகங்கள் தயார்!

2007-இல் சுண்டெலி ஈரலில் யார்க்கியின் ஜோடியை அளவுக்கு மீறி ஓடவிட்டார்கள். ஈரல் நாலைந்து மடங்கு பெருத்தது. நிறுத்தியதும் பழைய அளவுக்குத் திரும்பியது. நிறுத்தாமல் விட்டவற்றில் புற்றுநோய் வந்தது.

நான் இதில் நுழைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகளுக்கு இரண்டு காதின் நரம்பிலும் கட்டி. டாக்டர் சீட்டில் 'என்.எஃப்.2' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று படிக்கப் போய்த்தான் ஈயிடம் வந்து சேர்ந்தேன். அந்த மரபணுவை மனிதனில் 1993-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது ஹிப்போ சர்க்யூட்டின் மேல்முனையில், நம்ம லிமிட் சுவிட்ச் இருக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது 2006-இல், ஈயில்தான் தெரிந்தது.

தங்கைக்கு இப்போது காது கேட்காது. இதையெல்லாம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். "எனக்கு வந்ததை ஈகிட்டயா கண்டுபிடிச்சாங்க?" என்று சிரித்துவிட்டு, அந்தப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டாள்.