பத்துப் பாத்திரமும் பழைய பற்றும்

   

"பாத்திரம் கழுவும் இயந்திரங்களில் வேலைத்திறனிலும் பாதுகாப்பிலும் விஞ்சி நிற்பது அந்தக் காலத்து இயந்திரமா, இந்தக் காலத்து இயந்திரமா?" என்பது தலைப்பு. இந்தக் காலத்து இயந்திரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின நண்பர் கேட்டார்: "தமிழ்ப் பேராசிரியருக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?" ஐயா, இந்த வேலைக்குத் தமிழ்லே ஒரு பேரு இருக்கு. பத்துப் பாத்திரம். பத்துன்னா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி வர்ற பத்தா? எந்த வீட்டிலேயாவது அது பத்தோட நின்னிருக்கா? (சிரிப்பு) அது பற்றுப் பாத்திரம். சோறும் குழம்பும் பற்றிக்கொண்ட பாத்திரம். பேச்சு வழக்கிலே பற்று, பத்து ஆயிடுச்சு. பற்றை விடுவது துறவிக்கே கஷ்டம்னா, குக்கர் அடியிலே பிடிச்ச பருப்புக்கு எவ்வளவு கஷ்டம்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியினர் மூணு குற்றச்சாட்டு வச்சாங்க. ஒண்ணு, பழைய மெஷின் ஒரு மணி நேரத்திலே வேலையை முடிச்சது. புதுசு மூணு மணி நேரம் ஓடுது. ரெண்டு, பழசு அழுக்கையும் போக்கி ஈரத்தையும் போக்கினது. புதுசு டப்பாவிலே தண்ணியை மிச்சம் வைக்குது. மூணு, பழசு இருபது வருஷம் உழைச்சது, அதனாலே அதுதான் பாதுகாப்பு. ஒவ்வொண்ணா வர்றேன்.

அதுக்கு முன்னால ஒரு வரலாறு. நம்ம ஊர் வீடுகளுக்கு இந்த இயந்திரம் பரவலா வந்தது 2020 ஊரடங்குக்கு அப்புறம்தான். வேலைக்கு வர்ற அம்மா வர முடியலே. சிங்க் நிறைஞ்சு போச்சு. அப்பதான் பல வீட்டு ஆண்களுக்கு, பாத்திரம் தானா சுத்தமாகிறதில்லேங்கற உண்மையே தெரிஞ்சது. (சிரிப்பு) ஆனா இதன் பிறந்த வீடு அமெரிக்கா. இல்லினாய் மாநிலத்திலே ஷெல்பிவில் என்ற ஊரிலே ஜோசஃபின் காக்ரன் என்று ஒரு அம்மையார். வசதியான குடும்பம். விலை உயர்ந்த பீங்கான் தட்டுகளை வேலையாட்கள் கழுவும்போது விளிம்பு விளிம்பாக உடைத்தார்கள். கணவர் காலமானார், கடன்தான் மிஞ்சியது. அந்த அம்மையார் சோர்ந்து உட்காரவில்லை. கம்பியிலே தட்டுக்குத் தக்க அறைகள் செய்து, கொப்பரைக்குள் வைத்து, சூடான சோப்புத் தண்ணீரைப் பாய்ச்சும் இயந்திரத்துக்கு 1886 டிசம்பரிலே காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியிலே அதைக் காட்டினார். முதலில் வாங்கியவை ஓட்டல்கள்.

இதிலே ஒண்ணு கவனியுங்க. அந்த இயந்திரம் காப்பாற்ற வந்தது தட்டை! தட்டு உடையக் கூடாது, அதுதான் அன்றைய பாதுகாப்பு. தட்டைக் காப்பாற்றப் பிறந்த இயந்திரம், வீட்டையும் வீட்டிலே இருக்கிற குழந்தையையும் காப்பாற்றக் கற்றுக்கொண்டதே, அந்தப் பயணம்தான் நான் பேசப்போற பேச்சு.

முதல் குற்றச்சாட்டு, நேரம். என் தங்கை நியூஜெர்சியிலே இருக்கா. அவ வாங்கின வீட்டோட ஒரு பழைய மெஷின் வந்தது. அது ஓடினா கூடத்திலே உட்கார்ந்து பேச முடியாது; ரைஸ் மில் மாதிரி சத்தம். அதை மாத்திப் புதுசு போட்டா. மறுநாளே எனக்கு போன். "அண்ணே, சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன், ஒரு சினிமா முழுசாப் பார்த்து முடிச்சுட்டேன், இன்னும் ஓடுது. ரிப்பேரா இருக்குமோ?" நான் கேட்டேன், "அந்த மூணு மணி நேரமும் நீ பக்கத்திலேயே நின்னியா?" "இல்லேண்ணே." "அப்புறம் அது யாரோட நேரம்மா? மெஷினோட நேரம்தானே?" (கைதட்டல்)

ஏன் மூணு மணி நேரம்? பழைய இயந்திரம் பலத்தால் கழுவியது. புதிய இயந்திரம் பக்குவத்தால் கழுவுகிறது. பழையதுக்கு வெந்நீர் நிறைய வேணும், காரமான தூள் வேணும், அடி அடின்னு அடிக்கும். இன்றைய தூளிலே என்சைம்கள் இருக்கு. ஒண்ணு சோத்துப் பசையிலே இருக்கிற மாவுச்சத்தைக் கரைக்கும். இன்னொண்ணு பருப்பு, முட்டையிலே இருக்கிற புரதத்தைக் கரைக்கும். நம்ம வயித்திலே சோறு செரிக்கிறதும் இதே வகை வேலைதான். நாம சாப்பிட்ட சோறு அஞ்சு நிமிஷத்திலே செரிச்சிடுமா? மிதமான சூடு வேணும், ஊறுவதற்கு நேரம் வேணும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையிலே தேய்ச்சாளே நம்ம பாட்டி, அந்தப் பாட்டியின் பக்குவத்தை இயந்திரம் கத்துக்கிட்டா அது குத்தமா நடுவர் அவர்களே?

அடுத்து தண்ணீர். 1980களின் அமெரிக்க இயந்திரம் ஒரு தடவை கழுவ ஏறத்தாழ 40 லிட்டர் குடிச்சது. 2013 மே மாதத்திலே அந்த நாட்டிலே ஒரு விதி வந்தது, வழக்கமான அளவு இயந்திரம் ஒரு தடவைக்கு 5 கேலனைத் தாண்டக் கூடாது. நம்ம கணக்கிலே சுமார் 19 லிட்டர். இன்னைக்கு நல்ல இயந்திரங்கள் 10, 12 லிட்டரிலேயே முடிச்சிடுது. குடக் கணக்கிலே சொல்றேன். பழசுக்கு மூணு குடம், புதுசுக்கு ஒரு குடம். 2019 கோடையிலே ஏரியெல்லாம் வறண்டு, தண்ணி லாரிக்காகக் குடத்தோட நின்ன சென்னைவாசியைக் கேளுங்க, அந்த ரெண்டு குடம் மிச்சத்தின் அருமை தெரியும். (கைதட்டல்)

ரெண்டாவது குற்றச்சாட்டு, புதுசு சரியாகக் கழுவறதில்லே, காய வைக்கிறதில்லே. முதல்ல கழுவறதைப் பார்ப்போம். பழைய தூளிலே பாஸ்பேட் இருந்தது. உப்புத் தண்ணியின் வேகத்தை அது அடக்கும். கண்ணாடி பளபளன்னு வரும். ஆனா அந்தத் தண்ணி ஆற்றிலும் ஏரியிலும் கலந்து பாசியை வளர்த்தது. மீன் மூச்சுத் திணறியது. அதனாலே 2010 ஜூலையிலே அமெரிக்காவில் பல மாநிலங்கள் அதைக் கட்டுப்படுத்தின. 2017இல் ஐரோப்பிய ஒன்றியமும் கட்டுப்படுத்தியது. தூள் மாறின அந்த நேரத்திலே டம்ளர்லே வெள்ளை படிஞ்சது. தூளை யாரும் திட்டலே. மெஷினைத் திட்டினாங்க! மாமியார் மேலே இருக்கிற கோபத்தை மருமகள் பாத்திரத்தின் மேலே காட்டுவாளே, அந்தக் கதைதான். (சிரிப்பு)

இன்னொரு ரகசியம். நம்ம வீடுகளிலே மெஷினுக்குள்ள வைக்கிறதுக்கு முன்னாடி குழாயிலே நல்லாக் கழுவி வைக்கிற பழக்கம் இருக்கு. பழைய இயந்திரத்துக்குக் கண் கிடையாது. சுத்தமா இருந்தாலும் அழுக்கா இருந்தாலும் ஒரே அடி. இன்னைக்குப் பல இயந்திரங்களிலே தண்ணி கலங்கியிருக்கா, தெளிவா இருக்கான்னு ஒளியை விட்டுப் பார்க்கிற கருவி இருக்கு. நீங்க கழுவிக் குடுத்தா, 'அட, சுத்தமாத்தானே இருக்கு'ன்னு அது லேசாக் கழுவி விட்டுடும். ஒரு ஓரத்திலே ஒட்டியிருந்த பருக்கை அப்படியே நிக்கும். ஆகவே தாய்மார்களே, எலும்பு, கறிவேப்பிலை, மிளகாயை வழிச்சுப் போடுங்க. கழுவ வேண்டாம். வடிகட்டியை மட்டும் எடுத்து அலசுங்க. உப்புத் தண்ணி ஊரா இருந்தா, மெஷினுக்குன்னு விக்கிற உப்பைப் போடுங்க. சமையல் உப்பு ஆகாது.

ஒண்ணு ஒத்துக்கிறேன். அலுமினிய வாணலியைப் போட்டா கறுத்துப் போகும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். பித்தளை மங்கும். ஆனா இது பழசிலே போட்டாலும் அப்படித்தான். எவர்சில்வர்தான் இந்த இயந்திரத்துக்கு ஏத்த சம்பந்தம்.

காய வைக்கிற கதைக்கு வர்றேன். பழைய அமெரிக்க இயந்திரத்திலே அடியிலே ஒரு சூட்டுக் கம்பி வெளியே தெரியும். அது சூடாகித்தான் பாத்திரம் காய்ஞ்சது. என் தங்கை வீட்டுப் பழைய மெஷினிலே என்ன நடந்தது தெரியுமா? பையனோட டிபன் டப்பா மூடி நழுவி அந்தக் கம்பி மேலே விழுந்துடுச்சு. வீடெல்லாம் புகை, பிளாஸ்டிக் நாத்தம். புதுசிலே பலவற்றில் அந்தக் கம்பி வெளியே கிடையாது. கடைசி அலசலிலே பாத்திரம் சூடாகும்; ஈரம் ஆவியாகி எவர்சில்வர் சுவரிலே படிஞ்சு வழிஞ்சிடும். பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கி வச்சுக்காது, அதனாலே அதிலே ரெண்டு சொட்டு நிக்கும். ஒரு துணியால துடைச்சா முடிஞ்சது. ரெண்டு சொட்டு தண்ணியா, வீடு நிறையப் புகையா? எது வேணும்? (கைதட்டல்)

இப்ப மூணாவது, முக்கியமானது. "இருபது வருஷம் உழைச்சது, அதனாலே அது பாதுகாப்பு." வள்ளுவர் 'பழைமை'ன்னு ஒரு அதிகாரமே வச்சிருக்காருன்னு எதிரணித் தலைவர் பெருமையா சொன்னார். ஐயா, அந்த அதிகாரம் பழைய நட்பைப் பற்றியது. பழைய ஒயரைப் பற்றியது இல்லே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நட்பு நாளாக நாளாக உறுதிப்படும். ஒயரின் மேலுறை நாளாக நாளாகக் காய்ஞ்சு விரியும். ரப்பர் வளையம் இறுகிக் கசியும். இருபது வருஷம் ஓடினதுன்னா, இருபது வருஷமா வெந்நீருக்கும் கரண்டுக்கும் நடுவிலே அது வெந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

புதுசிலே என்ன இருக்கு? அடித்தட்டிலே தண்ணி கசிஞ்சா ஒரு மிதவை எழும்பி, உள்ளே வர்ற தண்ணியை நிறுத்திடும். சிலவற்றிலே குழாய் ரெட்டைத் தோல். உள்குழாய் வெடிச்சாக் குழாயடியிலேயே அடைச்சுக்கும். குழந்தை பொத்தானை அழுத்தாதபடி பூட்டு இருக்கு. சத்தமும் குறைவு. தூங்குற குழந்தை எழுந்திருக்காது.

புதுசுன்னா பழுதே வராதான்னு கேட்பீங்க. வரும். மறைக்கலே. 2007 மே மாதம் அமெரிக்காவிலே ஒரு பெரிய நிறுவனம் 25 லட்சம் இயந்திரங்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. பளபளப்புத் திரவம் கசிந்து ஒயரிலே பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து. 2010 ஜூனிலே இன்னொரு நிறுவனம் 17 லட்சம். சூடாக்கும் பாகத்திலே மின்கோளாறு. ஆனா இதிலே பாடம் என்ன? தப்பு தெரிஞ்சதும் ஊரறியச் சொல்லி நிறுத்த வைக்கிற முறை இன்னைக்கு இருக்கு. வீட்டுக்குள்ளே நாளுக்கு நாள் நலிஞ்சு வர்ற பழைய மெஷினுக்கு அப்படி அறிவிப்புக் கொடுக்க யாரும் வரமாட்டாங்க.

இயந்திரம் பாதி காக்கும். மீதியை நாமதான் காக்கணும். மூணு பின் பிளக்கிலே, எர்த் சரியா இருக்கிற இணைப்பிலே போடுங்க. ஓடவிட்டு வெளியூர் போகாதீங்க. எல்லாரும் தூங்குற நேரத்திலே ஓட விடாதீங்க. கத்தியைக் கூர்முனை கீழே இருக்கிற மாதிரி வையுங்க. நடக்கப் பழகுற குழந்தை திறந்த கதவு மேலே விழலாம். கை கழுவுற சோப்பையோ பாத்திர ஜெல்லையோ ஊத்தினா நுரை அடுக்களையெல்லாம் பொங்கும். எல்லாத்தையும் விட முக்கியம், இப்ப வர்ற மாத்திரை மாதிரி வில்லைகள். கலர் கலரா மிட்டாய் மாதிரி இருக்கும். அது காரம், குழந்தை கடிச்சா வாயும் தொண்டையும் வெந்துடும். இதிலே மட்டும் புதுசு பழசை விட மயக்கும். உயரத்திலே, பூட்டி வையுங்க. வாங்கினதும் முதல் வேலை அது.

நடுவர் அவர்களே! பழைய சொல் கழிவதையும் புதிய சொல் வந்து சேர்வதையும் குற்றமல்ல என்று நன்னூலார் மொழிக்கே விதி செய்து வச்சார். மொழிக்கே அந்தப் பெருந்தன்மை உண்டுன்னா, அடுக்களைக்கு இருக்கக் கூடாதா?

கடைசியா ஒரு வார்த்தை. எந்த மெஷின் வேகமானதுன்னு கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கிறோம். சாம்பலும் தேங்காய் நாருமா, பிறகு சோப்புக் கட்டியுமா, விரல் நுனி வெடிச்சு வெடிச்சு ஆறின கைகளைப் பார்த்து யாராவது கேட்டோமா? நம்ம வீட்டிலே எத்தனை பெண்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச அப்புறம், விளக்கு அணையற நேரத்திலே, சிங்க் முன்னால நின்னிருக்காங்க! இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடுதுங்கறது கணக்கே இல்லே. அவங்க எவ்வளவு நேரம் உட்கார்ந்தாங்கங்கறதுதான் கணக்கு. அந்தக் கணக்கும் பொய்யாயிடும், மெஷினை வாங்கி வச்சிட்டு அடுக்கறதும் அம்மா, எடுக்கறதும் அம்மான்னு விட்டா. ஆண்களே, அடுக்கவாவது எழுந்திருங்க! (நீண்ட கைதட்டல்)

பாத்திரத்தில் இருக்கும் பற்றைப் புதிய இயந்திரம் போக்கிவிடும். பழசின் மேல் எதிரணியினருக்கு இருக்கும் பற்றைப் போக்க உங்கள் தீர்ப்பு ஒன்றால்தான் முடியும். இந்தக் காலத்து இயந்திரமே சிறந்தது என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.