விளையாட்டுக் கூடம்: முதலில் எதைச் சரிசெய்வது?

 

நம் பிள்ளைகள் கேரம், செஸ், ஷட்டில் ஆடும் கூடத்தைப் புதுப்பிக்க நீங்கள் தந்த பணம் ஓர் அமானிதம். அதை முதலில் எதற்குச் செலவிடுவது? முகப்புக்குக் கண்ணாடி பதிக்கலாம், பெரிய பெயர்ப்பலகை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் கருத்து வேறு.

2022-ல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஹோட்டலில் ஏற்கெனவே இருந்த 22,000 சதுர அடி அரங்கு போதாமல், 52,000 சதுர அடியில் இன்னொன்றைச் சில மாதங்களில் எழுப்பினார்கள். அந்த வசதி நமக்கு இல்லை. ஆனால் ஆடுபவருக்கு வேண்டியது அங்கும் இங்கும் ஒன்றுதான்: நிழல் விழாத வெளிச்சம், புழுங்காத காற்று, ஒழுகாத கூரை.

கடலோரக் கட்டடத்துக்கு முதல் எதிரி உப்புக் காற்று. அது கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. விரிசல் மேல் பூசி வண்ணம் அடித்தால் மறுபடி பெயரும். கீழே நிற்பது நம் பிள்ளைகள். பழுதானதைத் தட்டி எடுத்து, துரு போகத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்த பிறகே பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் கைவைக்கக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் இது முடிய வேண்டும்.

அடுத்து காற்று. ஷட்டில் களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். ஜன்னலைத் திறந்தால் பிற்பகல் கடற்காற்றில் இறகுப்பந்து திசை மாறும், மூடினால் புழுங்கும். சுவரின் உச்சியில் காற்றுத் துவாரங்கள் வைத்தால் வெக்கை மேலே வெளியேறும், பந்தும் அலையாது.

மூன்றாவது, யார் உள்ளே வர முடியும் என்பது. நம் வாசல் ஒன்றரை அடி உயரம். அடிக்கு 12 அடி என்ற கணக்கில் 18 அடி சரிவுப் பாதை போட்டால் சக்கர நாற்காலியும் ஏறும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தனி நேரமும் வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்படி ஒரு பிள்ளை நம் தெருவிலும் இருக்கலாம். கழிப்பறை இல்லையென்று அவள் வாசலோடு திரும்பினால், கண்ணாடி முகப்பால் அவளுக்கு என்ன பயன்?

ஆகவே கூரையும் கம்பியும் முதலில், காற்றும் கழிப்பறையும் சரிவுப் பாதையும் அடுத்து, முகப்பு கடைசியில். வரவு செலவுக் கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம். யாரும் கேள்வி கேட்கலாம்.

வல்ல அல்லாஹ் இம்முயற்சியை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.