பி.டி. பீரியடைத் திருடியது யார்?

தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கிற என் தாய்மார்களே!

குழந்தையின் முழு வளர்ச்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வயிற்றிலிருந்து தொடங்குகிறேன். 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் சிற்றுண்டி கொடுத்தார்கள். 1956-ல் காமராசர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு. பசித்த பிள்ளைக்கு 'அ' ஏறாது என்று நமக்குச் சொல்ல எந்த நிபுணரும் விமானம் ஏறி வரவில்லை!

வயிறு நிறைந்தது. கை? கால்? இங்கேதான் ஓர் அதிகாரியைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் நடந்ததைப் பார்த்தவர், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தார். கரும்பலகையைத் தரைக்கு இறக்கினார்! ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு துண்டுப் பலகை. டீச்சர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். அம்மை போட்டுப் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட பாட அட்டையிலிருந்தே மேலே ஏறலாம். "எங்கேடா போனே?" என்ற அதட்டல் இல்லை. சில வருடத்தில் மாநிலம் முழுக்க, முப்பதாயிரத்துக்கும் மேலான பள்ளிகளுக்குப் போனது. அட்டை அடுக்குவதே படிப்பு என்று ஆக்கிவிட்ட வகுப்புகளும் உண்டு, மறைக்க மாட்டேன். அதற்கு அந்த மனிதர் என்ன செய்வார்?

இதற்கு நடுவே பைபாஸ் ரோட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்களே, பார்த்தீர்களா? ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி.யாம்! பால்பல் விழுந்து முடியவில்லை ஐயா அந்தப் பிள்ளைக்கு! எல்.கே.ஜி.க்கு இன்டர்வியூ. சேர்க்கையில் வடிகட்டாதே என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். இவர்கள் பிள்ளையோடு அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்து வடிகட்டுகிறார்கள். நான் எந்தப் பள்ளியையும் சொல்லவில்லை. யாருக்குக் கோபம் வருகிறதோ, அவர்களைத்தான் சொல்கிறேன்!

சிரிக்காதீர்கள், நம் பள்ளிக்கும் வருகிறேன். கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். "போர்ஷன் முடியல, பி.டி. பீரியடை நான் எடுத்துக்கறேன்." என்றைக்காவது பி.டி. சார் போய், "இன்னிக்குக் கணக்குப் பீரியடை எனக்குக் கொடுங்க சார், பிள்ளைங்களுக்குக் கபடி இன்னும் வரலே" என்று கேட்டதுண்டா? கேட்டால் ஊர் சிரிக்கும். பாட்டு பீரியடும் அப்படித்தான், ஓவியமும் அப்படித்தான். டைம்டேபிளில் இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு நடக்கும்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். முடிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் நீங்கள்தான், பெற்றோர்கள்தான். அடுத்த கூட்டத்தில் முதல் தீர்மானம் இதுவாக இருக்கட்டும்: பி.டி. பீரியடை யாரும் கடன் கேட்கக் கூடாது. இரண்டாவது, விளையாட்டுச் சாமான் அறையின் சாவி பீரோவுக்குள் இருக்கக் கூடாது. அம்மா, அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?