கேள்வி கேட்காத கடிதம்

தற்கொலைச் செய்தி எதை எடுத்தாலும் அடுத்த வரியிலேயே காரணமும் வந்துவிடும்: கடன் தொல்லை, தேர்வில் தோல்வி, குடும்பத் தகராறு. செய்திக்கு ஒரு காரணம் போதும். மனித மனத்துக்குப் போதாது. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு, குடி, தீராத வலி, முன்பே ஒருமுறை முயன்றது, இவற்றோடு வேலையிழப்பு, வீட்டில் அடி உதை என்று பலவும் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் இரண்டு எண்ணங்களை முக்கியமாகச் சொல்கிறார்: எனக்கென்று யாருமில்லை, நான் எல்லாருக்கும் பாரம்.

முதல் எண்ணத்தை ஒரு கடிதம் அசைக்குமா? சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் அதைச் சோதித்தார். 1969இல் தொடங்கிய ஆய்வு அது. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, வீடு திரும்பியபின் சிகிச்சையைத் தொடராதவர்கள் 843 பேர். குலுக்கல் போல் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் கடிதம் போனது. முதலில் மாதம் ஒன்று, போகப்போக மூன்று மாதத்துக்கு ஒன்று, ஐந்து ஆண்டுகள் வரை. பார்த்து நாளாயிற்று, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிதான். மருந்து சாப்பிட்டீர்களா, ஏன் வரவில்லை என்ற விசாரணை கிடையாது. மருத்துவமனையில் நோயாளியிடம் பேசியவரே கையெழுத்திட்டிருப்பார். பதில் போட முகவரி எழுதிய உறையும் உள்ளே இருக்கும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. பிறகு அந்த வித்தியாசம் மெல்லத் தேய்ந்து, பதினான்காம் ஆண்டில் இல்லாமலே போனது.

பின்னர் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் இதே வழியில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர். ஒரு பிரிவினரிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு ஒன்றரை ஆண்டில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் கேட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்தனர்; விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். 2008இல் வெளியான முடிவு இது.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, தாராளமாகக் கேட்கலாம். உங்களுக்கே தற்கொலை எண்ணம் தோன்றினால், இந்தியாவில் டெலி மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.